காய்ந்த சுவர்

வெள்ளவத்தை
04.10.2024

அன்புள்ள ஜனா,

தண்ணீர் எங்கே போகிறது? இரண்டு நாளாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நவரத்தினம் அண்ணை லண்டனில் இருந்துகொண்டு, நீங்கள் கட்டிக்கொடுக்கும் ஹப்புத்தளை வீட்டின் படத்தை முகநூலில் போட்டிருக்கிறார். ‘எங்கட மலை வீடு, மழைக்குப் பிறகு’ என்று கீழே ஒரு வரி. விளிம்பே தெரியாத நீச்சல் தடாகம், பின்னால் நிலத்திலிருந்து கூரைவரை கண்ணாடி, முன்னால் முகில். தடாகத்துக்குக் கீழே நான் வரைந்து கையெழுத்து வைத்த தாங்குசுவர். அதற்கு இப்போது வெள்ளைக் கல் பதித்திருக்கிறீர்கள். ஒரு கறை இல்லை. அத்தனை மழைக்குப் பிறகும் சுவர் காய்ந்திருக்கிறது.

மலையை வெட்டிக் கட்டிய சுவர் மழைக்குப் பிறகு காய்ந்திருக்கக் கூடாது. பின்னால் உள்ள மண் குடித்த தண்ணீர், சுவரில் விட்ட வடிதுளைகளால் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். என் வரைபடத்தில் துளைகள் இருக்கின்றன. படத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிவிட்டும் பார்த்தேன். ஒன்றையும் காணவில்லை. படம் எடுத்த கோணமாக இருக்கலாம். அப்படியென்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள், நான் பேசாமல் இருப்பேன்.

இங்கே புதினம் அதிகம் இல்லை. எங்கள் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டு ஸீனத்தின் சமையலறைக் கூரையில் இறங்குகிறது. பிளம்பர் வந்து எங்கள் பக்கம் மாபிள் இடுக்கெல்லாம் சிலிக்கன் பூசிவிட்டு, இனிக் கசியாது என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று ஸீனத் ஒரு கோப்பை வட்டிலப்பத்தோடு படியேறி வந்தா.

“உஷாந்தி, ஒங்கட பாத்ரூம் தண்ணி எங்கட குசினிலதான் குளிக்குது.”

“பிளம்பர் அடைச்சுப் போட்டார், ஸீனத். இனிக் கசியாது எண்டு சொன்னவர்.”

“ஒங்கட பக்கம் கசியாதுதான். ஒங்கட பக்கம் எப்பதான் கசிஞ்ச? எங்கட பக்கம் நேத்தய விட இண்டைக்கிக் கூட ஈக்கிது. வட்டிலப்பத்த திண்டுட்டு வந்து பாருங்க.”

கோபத்திலும் வட்டிலப்பம் கொண்டுவருகிற பெண்ணிடம் என்ன சொல்வது? பார்த்தேன். அவ சொன்னது சரி.

போனில் கதைத்தால் சண்டையில் முடிகிறது என்று நீங்கள் சொன்னதால்தான் இந்தக் கடித ஏற்பாடு. நாளைக்கு கொலன்னாவையில் இருந்து சாமான் ஏற்றிக்கொண்டு வரும் திலக்ஷனின் லொறியில் இதையும் உங்கள் பிரஷர் குளிசையையும் கொடுத்துவிடுகிறேன். போனமுறையே அவன் என்னைப் பகிடி பண்ணினான். “அக்கா, டைல்ஸ் ஏத்திறவனைத் தபால்காரனாக்கிப் போட்டீங்கள்” என்றான்.

குளிசையை மறக்காமல் போடுங்கள்.

உஷாந்தி


ஹப்புத்தளை
06.10.2024

என் அன்பின் உஷா,

கடிதம் என்று பிரித்தால் உள்ளே வினாத்தாள். மொறட்டுவையில் பொறியியல் படித்த காலத்திலிருந்து நீர் மாறவில்லை. எல்லாரும் கட்டடத்தை முன்னால் நின்று பார்ப்பார்கள், நீர் மட்டும் பின்னால் போய் அடிவாரத்தைப் பார்ப்பீர்.

கோணம் இல்லை. துளைகள் கல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. முதலில் துளைகளைத் திறந்துவிட்டுத்தான் பதித்தோம். ஒரு மழை பெய்ததும் ஒவ்வொரு துளையிலிருந்தும் சிவப்பாக ஒரு கோடு இறங்கிவிட்டது. நவரத்தினம் அண்ணை வீடியோவில் பார்த்துவிட்டு, “தம்பி, இவ்வளவு செலவழிச்ச சுவர், ஆரோ வெத்திலை துப்பின மாதிரிக் கிடக்கே” என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கோடு விழுந்த கல்லைக் கழற்றிவிட்டு, சாந்து வைத்துப் புதுக்கல் பதித்தோம். பயப்படாதேயும். தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இப்போது மலை வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். வீடு மலையிலிருந்து முளைத்தது போல் இருக்கவேண்டும். உள்ளே கல், மரம், நடுவில் நெருப்பு. கட்டிலில் கிடந்தாலும் முகில் தெரியவேண்டும், குளியல் தொட்டியில் கிடந்தாலும் முகில் தெரியவேண்டும். குழாய், கம்பி, தகரம் ஒன்றும் கண்ணில் படக்கூடாது. குழாயையும் கம்பியையும் மறைத்துவிட்டேன். தகரம்தான் மிச்சம். தடாகத்தில் நின்று பார்த்தால் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லயத்தின் கூரைகள் தெரிகின்றன. அதற்கு மூங்கில் நடப் போகிறோம். மார்கழியில் ஹம்சிகாவின் கலியாணம் இந்த வீட்டில்தான். மகளின் படங்களில் தகரம் விழக்கூடாது என்பது அண்ணையின் கட்டளை.

சுவருக்குக் கீழே உள்ள சின்ன அறையில்தான் படுக்கிறேன். காலையில் கதவைத் திறந்தால் முகில் உள்ளே வருகிறது. நீர் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். இருபது வருடம் வங்கிக் கிளைகளும் குளியலறைகளும் கட்டினேன். இதுதான் நான் கட்ட நினைத்த வீடு.

எங்களுக்குச் சமைக்கும் நேசமலர் அந்த லயத்தில்தான் இருக்கிறாள். ஒரு வாரமாகத் தினமும் பிந்தி வருகிறாள். கேட்டால், “அடுப்பு பத்தவே மாட்டேங்குதுங்க ஐயா. தரையெல்லாம் ஈரம். எங்கம்மா காலத்துல கூட இப்படிக் கண்டதில்ல. ஊத்து வந்திருச்சு போலன்னு எம் மாமியா மஞ்சத் துண்டு கட்டிச் சாமி கும்பிடுது” என்கிறாள். பிந்தி வருவதற்கு இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதில்லை!

மண்ணிற ஸ்வெட்டர் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். காலி வீதிக் கடை மிக்சரும் அனுப்பும்.

உம்முடைய,
ஜனா


வெள்ளவத்தை
11.10.2024

ஜனா,

தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். நீங்கள் பதிலை எழுதிவிட்டு, அதைப் பகிடி என்று நினைத்திருக்கிறீர்கள். அது நேசமலரின் குசினிக்குப் போகிறது.

உங்கள் கடிதத்தை ஸ்ரேசனடியில் நின்று வாசித்தேன். தெஹிவளைப் பக்கமாகப் போகிற ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை. பலமுறை போன் எடுத்தேன். அங்கே கோயில் வளைவில் நின்றால்தான் சிக்னல் என்று தெரியும். அந்த வளைவுக்கு நீங்கள் ஒருமுறையாவது வந்திருக்கலாம்.

சுவர் விழுந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. அது விழாமல் இருக்கத்தான் வரைந்தேன், பாறையைத் துளைத்து நிறுத்தியிருக்கிறோம். விழாதென்பதுதான் என் பயம். பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரைத் தள்ளமுடியாமல் அடியால் இறங்குகிறது. லயம் பாறையில் நிற்கவில்லை. வெட்டிய மண்ணைக் கொட்டி அந்தக் காலத்தில் யாரோ மட்டமாக்கிய தரையில் நிற்கிறது. ஊறிய மண் ஒருநாள் நிற்கும், ஒருமாதமும் நிற்கும். பிறகு ஒரு மழைக்கு எல்லாம் சேர்ந்து போகும். எந்த மழைக்கு என்று என்னால் சொல்லமுடியாது. யாராலும் சொல்லமுடியாது.

நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். துளைகளுக்கு மேலே உள்ள கல்லை உடையுங்கள். தடாகத்தை வெறுமையாக்குங்கள். மழை விடும்வரை லயத்து ஆட்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். கோடு விழட்டும். வெத்திலை துப்பின சுவர்தான் உயிருள்ள சுவர்.

ஜனா, நான் கெஞ்சி நீங்கள் பார்த்ததில்லை. இது கெஞ்சல்தான்.

ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். மிக்சரும்.

உஷாந்தி


ஹப்புத்தளை
20.10.2024

உஷாந்தி,

போன லொறியில் பதில் அனுப்பவில்லை. கோபத்தில் எழுதவேண்டாம் என்று இருந்தேன். இப்போதும் கோபம் போகவில்லை, ஆனால் நீர் காத்துக்கொண்டிருப்பீர்.

அண்ணையிடம் கதைத்தேன். கொழும்பில் அவருக்குத் தெரிந்த வேறொரு பொறியியலாளர் படங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “தங்கச்சி எப்பவும் பயந்த சுபாவம்” என்று சிரித்தார். இப்போது கல்லை உடைத்தால் அதே நிறத்தில் வேறு கல் வராது. அது இத்தாலியிலிருந்து வந்தது. கலியாணம் முடியட்டும், தைமாதம் நானே உடைத்துத் திறக்கிறேன். எழுத்தில் தருகிறேன்.

நேசமலரின் பிரச்சினையை நான் கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்காதேயும். எங்கள் வேலையிலிருந்து சீமெந்து கொடுத்து, ஆள் அனுப்பி, அவளுடைய குசினித் தரை முழுவதும் சாந்து போட்டுக் கொடுத்துவிட்டேன். நல்ல தடிப்பாக. இப்போது தரை காய்ந்திருக்கிறதாம், அடுப்பும் பற்றுகிறதாம். அந்த லயத்தில் சீமெந்துத் தரை உள்ள குசினி அவளுடையதுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எரிச்சலில் அவளோடு கதைப்பதில்லையாம். மாமியார் எனக்கு வாழைக்குலை அனுப்பியிருக்கிறா.

ஒன்று சொல்கிறேன், நீர் கோபித்தாலும் சரி. இத்தனை வருடத்தில் நான் கட்டிய எதையும் நீர் அழகு என்று சொன்னதில்லை. ‘நிற்கும்’ என்று சொல்வீர். ‘நிற்காது’ என்று சொல்வீர். எங்கள் இருவருக்கும் இடையில் வேறு என்ன பிரச்சினை இருந்தது என்று இங்கே தனியாக இருந்து யோசித்துப் பார்த்தேன். இதுதான் வருகிறது.

ஸ்வெட்டர் கிடைத்தது.

ஜனா


வெள்ளவத்தை
01.11.2024

அன்புள்ள ஜனா,

போன சனிக்கிழமை ஒன்றும் அனுப்பவில்லை. எழுதினேன், கிழித்தேன். லொறி போய்விட்டது.

நீங்கள் அவளுடைய தரையையும் அடைத்துவிட்டீர்கள். சுவரில் அடைத்தீர்கள், அது குசினியால் வந்தது. குசினியிலும் அடைத்துவிட்டீர்கள். இனி அது வெளியே வந்து யாருக்கும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தரை காய்ந்திருக்கிறது என்று வாழைக்குலை வேறு வாங்கியிருக்கிறீர்கள்.

புதுக்கடைக்குப் போனேன். என்னோடு படித்த யோசெப்பின் அங்கே சட்டத்தரணி, உங்களுக்கும் தெரியும். நீதிமன்றத்துக்கு முன்னால் உள்ள சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் கடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“நீ மேலிடத்துக்கு எழுதினா உன்ர மனுசன்ர தொழில் போகும்” என்றாள்.

“எழுதாட்டி?”

“எழுதாட்டி, ஏதும் நடந்தா ரெண்டு பேரும் உள்ளுக்குப் போவியள். அவர் மூடினதுக்கு, நீ தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்ததுக்கு. எப்பிடியும் கேஸ் எனக்குத்தான்.” பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள்: “உஷா, நீ உள்ளுக்குப் போறதுக்கே பயப்பிடுறாய்?”

இல்லை என்றேன். வேறு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

உங்களுக்குச் சொல்கிறேன். நான் எழுதினால் நீங்கள் இந்த வீட்டுக்குத் திரும்பிவர மாட்டீர்கள். எனக்கு அது தெரியும். அதனால்தான் அக்டோபர் முழுவதும் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன், எழுதவேண்டிய இடத்துக்கு எழுதாமல்.

வரும் வெள்ளிக்கிழமைவரை பொறுக்கிறேன். அதற்குள் துளைகளைத் திறந்து, லயத்து ஆட்களை வெளியே எடுத்து, எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். சிவப்புக் கோடுகள் உள்ள படம். வராவிட்டால் மாவட்டச் செயலகத்துக்கு எழுதுவேன். என் வரைபடம், என் கையெழுத்து, உங்கள் பெயர், மூன்றும் அதில் இருக்கும்.

அந்த வீடு அழகாக இருக்கிறது, ஜனா. முதல் படத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. முகிலையும் கண்ணாடியையும் பார்த்து, இதை இவர் கட்டினார் என்று நினைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகுதான் கண் சுவருக்கு இறங்கியது. அழகு என்பதை முதலில் எழுதியிருக்கலாம். நான் முதலில் மற்றதை எழுதினேன். என் பழக்கம் அப்படி.

தயவுசெய்து.

உஷாந்தி


வெள்ளவத்தை
08.11.2024, வெள்ளி

அன்புள்ள ஜனா,

படம் வரவில்லை. கடிதமும் வரவில்லை. போன கடிதத்தைக் கையில் தந்ததாகத் திலக்ஷன் சொன்னான். “ஐயா வாசிச்சவர், அக்கா. வாசிச்சிட்டு மடிச்சுச் சட்டைப் பொக்கெற்றில வைச்சவர். தேத்தண்ணி குடிச்சவர். வேற ஒண்டும் சொல்லேல்லை.”

இன்று பகல் முழுவதும் மழை. இங்கே கால்வாய் நிரம்பி, குறுக்குத் தெருக்களில் தண்ணீர் நிற்கிறது. வானொலியில் பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை சொன்னார்கள். தோட்டத்து அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு மாவட்டச் செயலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு இதை எழுதுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது. எழுதியது நான்தான். உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்று நீங்கள் நினைத்தால், அது சரியான சொல்தான். நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தச் சுவருக்குக் கீழ் அறையில் நீங்களும்தான் படுக்கிறீர்கள். அதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதினால் அதற்காகத்தான் கெஞ்சுகிறேன் என்று நினைப்பீர்கள் என்று இருந்தேன். அதற்காகவும்தான்.

இதை வாசிக்கும்போது எங்கே நிற்கிறீர்களோ, அங்கிருந்து வெளியே வாருங்கள். ஆட்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உஷாந்தி


09.11.2024, சனி

இந்தக் கடிதம் உங்களிடம் வரவில்லை. இன்று நடந்ததை இதே தாளின் பின்பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

விடிய வெளிக்கிட்ட திலக்ஷன், மலையேறும் வழியில் பெரகலையில் வீதி மூடியிருந்ததால் லொறியைத் திருப்பிக்கொண்டான். பின்னேரம் இங்கே வந்து கடிதத்தைத் தந்தான். உறை நனைந்திருந்தது. “சொறி, அக்கா” என்றான். அவன் நனைத்தது போல.

அதற்கு முதலே, மத்தியானம், நவரத்தினம் அண்ணை முகநூலில் ஒரு படம் போட்டார். காவலாளி எடுத்து அனுப்பியதாம். ‘சுத்திவர மண்சரிவு. எங்கட வீட்டுக்கு ஒரு கீறல் இல்லை. முருகன் காப்பாத்திப்போட்டார்.’ கீழே நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள். தடாகம் நிரம்பியிருந்தது. கண்ணாடி உடையவில்லை. சுவர் நின்றது, காய்ந்தபடி. மூங்கில் இன்னும் நடவில்லை. ஆனால் அது நட இருந்த இடத்துக்கு அப்பால் தகரக் கூரைகள் இல்லை. சிவப்பாக ஒரு சரிவு மட்டும், பள்ளத்தாக்கு வரைக்கும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நீங்கள் படுக்கிற அறையைத் தேடினேன். ஸீனத் மேலே வந்து பக்கத்தில் இருந்தா. இந்தமுறை ஒன்றும் கொண்டுவரவில்லை. கூரையைப் பற்றியும் கதைக்கவில்லை. திலக்ஷன் வந்துபோனபோது கதவைத் திறந்ததும் அவதான்.

பொழுது படுகிற நேரம் தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது. நேசமலருடைய போன். கதைத்தது நீங்கள்.

“எல்லாரும் பள்ளிக்கூடத்தில, உஷா. ஒருத்தரும் மிச்சம் இல்லை.”

 நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனீர்கள். காலையில் நேசமலர் வேலைக்கு வந்து, குசினித் தரை ரொட்டி மாதிரி உப்பியிருக்கிறது என்றாளாம். போய்ப் பார்த்தீர்களாம்.

“நான் அந்தக் குசினிக்குள்ள இதுவரைக்கும் போனதில்லை. சீமெந்து குடுத்தனான், ஆள் அனுப்பினனான். போகேல்லை.”

ஆட்களை வெளியே போகச் சொன்னீர்களாம். யாரும் அசையவில்லை. நேசமலரின் மாமியார் வாசலில் நின்று, “நீங்கதானே ஐயா தரை போட்டுக் குடுத்தீங்க, இனி தண்ணி வராதுன்னீங்களே” என்றாவாம். மேலே போய் இரும்பு அலவாங்கை எடுத்துவந்து, அவ பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் போட்டுக்கொடுத்த தரையை நீங்களே உடைத்தீர்களாம். தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியதாம். அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முதல் மலை இறங்கியது.

“உம்மட கடிதம் பொக்கெற்றிலதான் கிடந்தது” என்றீர்கள். “நனைஞ்சு போச்சு.”

பிறகு கேட்டீர்கள். “எழுதிப்போட்டீரோ? செயலகத்துக்கு.”

“ஓம். நேற்று.”

மழைச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. 

“என்ர முழுப்பேரையும் எழுதினீரோ?”

“எழுதினனான்.”

“சரி” என்றீர்கள்.

அதற்குப் பிறகு நேசமலருக்குப் போன் தேவைப்பட்டது. கொடுத்துவிட்டீர்கள்.